ஈ மைனர் பிரெலூடுக்குக் காலப்பிரமாணம் தேர்ந்த விதம்: வேலூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் மாணவர் முப்பது வயதைக் கடந்தவர். வேலூரில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார், சத்துவாச்சாரியில் குடியிருக்கிறார். பள்ளிப் பருவத்திலிருந்தே தேவாலயத்தில் கீபோர்டு வாசித்து வந்தவர் என்பதால் கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) அவருக்குக் கைவந்தவை. நொட்டேஷனை, அதாவது எழுதிய இசையை, வரிக்கு வரி படித்து வாசிக்கும் மேற்கத்திய செவ்வியல் பயிற்சியைப் பெரியவரான பிறகுதான் என்னிடம் தொடங்கினார். எங்கள் ஊரில் பியானோவுக்கு வருபவர்களில் பலருடைய வழி இதுதான்: முதலில் ஞானப்பாட்டு, பிறகு கீபோர்டு, அதற்கும் பிறகு, வாய்த்தால், உண்மையான பியானோ.

அவருடைய சபையில் ஆண்டுக்கணக்காக ஆர்மோனியம் வாசித்துவந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் கோடையின் தொடக்கத்தில் காலமானார். அவருக்கான நினைவு ஆராதனையில் வழக்கமான பாடல்களோடு ஒரு பியானோ இசையும் வேண்டும் என்று அவருடைய மகள் கேட்டுக்கொண்டார். அந்த அம்மையார் வீட்டில் பழைய கேசட் ஒன்றில் அடிக்கடி கேட்டுவந்த இசை அது. விசாரித்ததில், இசையமைப்பாளர் ஃபிரெடெரிக் ஷோப்பான் எழுதிய ஈ மைனர் பிரெலூட் என்ற சிறு பியானோ இசை, அதாவது ஓபஸ் (படைப்பு எண்) 28இன் நான்காம் எண் என்று தெரிந்தது. மாணவர் அதை ஏற்கெனவே ஓரளவு வாசித்துப் பார்த்திருந்தார். சுரங்கள் கடினமானவை அல்ல என்பதால், எஞ்சியிருந்த குறுகிய காலத்தில் தயாராகிவிடலாம் என்று இருவருமே கருதினோம்.

காலப்பிரமாணம், அதாவது வேகம், என்ற ஒரே கேள்வியில் அந்தக் காலம் முழுவதும் போகும் என்று அப்போது எதிர்பார்க்கவில்லை.

இசையின் அமைப்பு

24 பிரெலூடுகள் கொண்ட அந்தத் தொகுப்பு 1839இல் வெளிவந்தது. நான்காவதன் நீளம் 25 பார்கள் (தாளச் சுற்றுகள்) மட்டுமே. இடதுகை பெரும்பாலும் ஒரு பாருக்கு எட்டு என்ற கணக்கில் குவேவர் கார்டுகளை அடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கார்டுகளின் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பெரும்பாலும் அரைச்சுரம் அரைச்சுரமாக, கீழே இறங்கும். வலதுகைக்கு ஆரம்பத்தில் ஏறக்குறைய வேலையே இல்லை. மூன்று கிராட்செட் (ஒரு கிராட்செட் என்பது பாரின் கால் பங்கு) நீளத்துக்கு ‘பி’ என்ற சுரம், பிறகு ஒரு கிராட்செட் ‘சி’, மீண்டும் ‘பி’, மீண்டும் ‘சி’. 13ஆம் பாரில் தொடக்கம் திரும்ப வரும். இந்த முறை மெல்லிசை, அதாவது வலதுகையின் மெட்டு, அமைதியாக இறங்காமல், 16, 17ஆம் பார்களின் அருகே ஸ்ட்ரெட்டோ என்ற குறிப்போடு நெருக்கிக்கொண்டு ஒரே ஒரு முறை உரக்க எழும். அதன்பின் ஒலி தேய்ந்து, 23ஆம் பாரில் ஒரு நிறுத்தம் வந்து, கடைசியாக மூன்று கார்டுகளோடு முடியும்.

காலப்பிரமாணத்தைப் பற்றி ஷோப்பான் கொடுத்திருப்பவை இரண்டே குறிப்புகள். ஒன்று, மெதுவாக என்று பொருள்படும் லார்கோ என்ற சொல். மற்றது, குறுக்கே ஒரு கோடு போட்ட, ‘C’ எழுத்து வடிவிலான தாளக்குறி. அதாவது ஒரு பாரை நான்கு கிராட்செட்டாக எண்ணாமல் இரண்டு மினிமாக (பாரின் பாதி நீளம்) எண்ணவேண்டும். மெட்ரோனோம் (நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று தட்டிக்காட்டும் கருவி) எண் கிடையாது. 1833இல் வெளியான ஓபஸ் 10 எட்யூடுகளிலும் (பயிற்சி இசைகள்) 1837இல் வெளியான ஓபஸ் 25 எட்யூடுகளிலும் எண் எழுதிக் கொடுத்தவர், இந்த 24 பிரெலூடுகளில் எதற்கும் எழுதவில்லை. ஆகவே வாசிப்பவர்தான் முடிவு செய்தாகவேண்டும்.

மாணவரிடம் இருந்ததோ எங்கிருந்தோ வந்த ஒரு நகல் தாள். அதில் தாளக்குறியின் குறுக்குக்கோடு இல்லை. சாதாரண நான்கு எண்ணிக்கையாகவே அச்சிடப்பட்டிருந்தது. இது சிறிய விஷயம்போலத் தோன்றினாலும் பின்னால் நடந்த பலவற்றுக்கு அடிப்படையாக இருந்தது.

முதலில் கவனித்தவை

முதல் வகுப்பில் அவர் வாசித்த வேகம் கிராட்செட்டுக்கு 40, அதாவது நிமிடத்துக்கு 40 கிராட்செட். வீட்டில் இருந்த மர மெட்ரோனோமின் அளவுகோலில் அதற்குக் கீழே எண் இல்லை என்பதால்தான் அங்கே நின்றாராம். அந்த வேகத்தில் ஒரு பாருக்கு 6 விநாடி, வலதுகையின் நீண்ட ‘பி’க்கு மட்டும் நாலரை விநாடி, முழு இசையும் இரண்டரை நிமிடத்தைத் தாண்டும்.

வீட்டுக் கீபோர்டில், பியானோ ஒலியோடு ஸ்ட்ரிங்ஸ் ஒலியையும் சேர்த்து வைத்துக்கொண்டு வாசித்தபோது அது நன்றாகவே இருந்தது என்று அவர் சொன்னதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஸ்ட்ரிங்ஸ் ஒலி விசையை விடும்வரை குறையாமல் நிற்கும். என் அறையில் இருக்கும் அப்ரைட் பியானோவில் கதை வேறாகிவிட்டது. ‘பி’யை அடித்தபின் அவருடைய விரல் விசையின் அடிவரை அழுந்தி, நக நுனி வெளுக்கும் அளவுக்கு மேலும் மேலும் அழுத்திக்கொண்டே இருந்தது, சுரத்தை இன்னும் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கவேண்டும் என்ற உந்துதல் அது. பியானோவில் சுத்தி கம்பியைத் தொட்டுத் திரும்பிய பிறகு அந்த ஒலியைக் கூட்ட விரலால் ஒன்றும் செய்ய இயலாது. அடித்த கணத்திலிருந்து அது தேயத்தான் செய்யும்.

இதனால் இரண்டு குறைகள் தெளிவாகக் கேட்டன. ‘பி’ ஏறக்குறைய அற்றுப்போன இடத்தில் ‘சி’ வழக்கமான பலத்தோடு வந்து விழுந்ததால், அது ‘பி’யிலிருந்து பிறந்த பெருமூச்சாக ஒலிக்காமல், யாரோ புதிதாகப் பேச்சைத் தொடங்கியதுபோல் ஒலித்தது. இரண்டாவதாக, வலதுகை மௌனமாகிவிட்ட அந்த இடைவெளியை இடதுகைக் கார்டுகள் நிரப்பின; ஒவ்வொன்றும் சம அழுத்தத்தோடு, தையல் இயந்திரத்தின் ஊசிபோல, இறங்கி இறங்கி வந்தது. கேட்பவருக்கு மெல்லிசை மறைந்து, துணைக்கு வந்த கார்டுகளே மிஞ்சின.

இதை நான் விளக்கியபோது அவர் முன்வைத்த எதிர்வாதம் புறந்தள்ளக்கூடியது அல்ல. இந்த பிரெலூட் 1849 அக்டோபர் 30 அன்று பாரிசின் மதலேன் தேவாலயத்தில் ஷோப்பானின் இறுதிச் சடங்கிலேயே இசைக்கப்பட்டது. அப்படிப்பட்ட இசையை எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் தகும் என்றார். தகவல் சரியானதே. ஆறாம் எண்ணான பி மைனர் பிரெலூடும் அன்று இசைக்கப்பட்டது. ஆனால் ஆர்கன் கலைஞர் லெஃபெபூர்-வெலி அவற்றை வாசித்தது ஆர்கனில். ஆர்கனின் குழாய்க்குள் காற்று போய்க்கொண்டிருக்கும் வரை சுரம் தளராமல் நிற்கும். அந்தக் கருவியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய மெதுவைப் பியானோவுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. சொல்லப்போனால், ஷோப்பான் விரும்பி வாசித்த ப்ளெயெல் பியானோவில் இன்றைய பியானோக்களைவிடச் சுத்திகள் இலேசானவை, ஒலியும் விரைவாகத் தேயக்கூடியது.

சோகமும் மெதுவும்

இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்வது அவசியம். ஏனென்றால் மாணவரின் தேர்வு கவனக்குறைவால் வந்ததல்ல, ஒரு நம்பிக்கையால் வந்தது. துயரமான இசை மெதுவாக இருக்கவேண்டும், துயரம் மிகமிக வேகம் குறையவேண்டும் என்பது அந்த நம்பிக்கை. பல மாணவர்களிடம் நான் இதைப் பார்த்திருக்கிறேன்.

நம் இசைப்பழக்கமே இதை ஆதரிப்பதில்லை. முகாரியைச் சோகத்தின் ராகம் என்று எல்லாரும் சொல்வார்கள். அதில் மத்திமகாலத்தில், அதாவது நடுத்தர வேகத்தில், நடக்கும் கீர்த்தனைகளும் இருக்கின்றன, அவற்றைக் கேட்டு யாரும் சோகம் குறைந்துவிட்டதாகச் சொல்வதில்லை. ஒப்பாரியில் வரியின் சொற்கள் ஒரே மூச்சில் ஓடி, கடைசியில்தான் குரல் இழுபடும். எங்கள் பக்கத்துச் சாவு மேளம் எவ்வளவு விரைவானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. சவுக்க காலத்தில், அதாவது மெதுவாக, பாடினால்தான் துக்கம் என்ற விதி எங்கும் இல்லை.

ஒரு வகுப்பின்போது ஆற்காட்டிலிருந்து வந்திருந்த மாணவரின் அத்தை உடன் இருந்தார். இளமையில் வீணை கற்றவர். மேற்கத்திய இசையில் பழக்கமில்லை என்று சொல்லி ஒதுங்கி உட்கார்ந்திருந்தவர், இரண்டு முறை கேட்டபின் சொன்னார்: “மீட்டு தேயறதுக்குள்ள அடுத்த சுரத்தப் பிடிக்கணும்பா. தேஞ்சு போனப்புறம் பிடிச்சா அது வேற மீட்டு, இதோட சேராது.” மாணவர், “மெதுவா வாசிச்சாத்தானே அத்தை மனசுல நிக்கும்?” என்று கேட்டதற்கு, “நிக்கறதுக்கு முதல்ல கேக்கணும் இல்ல?” என்றார். நான் வெவ்வேறு விதங்களில் சொல்லிவந்ததை அவர் தம் கருவியின் அனுபவத்திலிருந்து இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். வீணையும் பியானோவும் ஒலி தேயும் கருவிகள். நாதஸ்வரமும் குரலும் ஆர்கனும் அப்படியல்ல. இந்த வேறுபாட்டிலிருந்தே வேகத்தைத் தேடத் தொடங்கினோம்.

மற்றொரு சோதனையும் செய்தோம். வலதுகை மெல்லிசையை மட்டும் வாயால் பாடச் சொன்னேன். அவர் நல்ல டெனர் பாடகர். 40இல் இரண்டு பார்களுக்கு 12 விநாடி ஆகிறது. அடக்கிய குரலில் பாடும்போது அவர் பெரும்பாலும் ‘சி’க்குப் பிறகு மூச்சு வாங்கினார். ‘சி’யிலிருந்து ‘பி’க்குத் திரும்பும் அந்தச் சாய்வுதான் தொடக்கத்தின் உயிர், அது ஒவ்வொரு முறையும் மூச்சால் வெட்டுப்பட்டது. யாரும் வேகம் சொல்லாமல், இயல்பாகப் பாடுங்கள் என்று மட்டும் சொன்னபோது அவர் பாடிய வேகத்தை அளந்தால், ஏறக்குறைய 58 வந்தது. வாசிக்கும்போது 40 கேட்ட அதே மனிதரின் குரல் தானாகத் தேர்ந்த வேகம் அது.

கூடத்துப் பியானோவில்

ஆராதனை நடக்கவிருந்த இடம், கோட்டையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஒரு சபைக் கூடம். உயரமான கூரை, சிமெண்டுத் தரை, சுவரோரமாக ஒரு பழைய அப்ரைட் பியானோ. ட்யூனர் சென்னையிலிருந்து காட்பாடிவரை ரயிலில் வந்து சரிசெய்து போயிருந்ததால் சுருதி நன்றாகவே இருந்தது. சுத்திகளின் கம்பளி மட்டும் காலத்தால் கெட்டிப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட பியானோவில் சுரம் பிறக்கும்போது கூர்மையாகவும், பிறந்தபின் மெலிவாகவும் இருக்கும்.

மாலை வேளையில், ஒரே ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருக்க, ஒத்திகை பார்த்தோம். மாணவர் வாசிக்க, நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ‘பி’யைத் தனியாக அடித்து, ஒலியைத் தாங்கும் பெடலை மிதித்தபடி விட்டால் அது நெடுநேரம் கேட்டது, அந்த அளவை வைத்து எதையும் முடிவுசெய்வது பயனற்றது. இடதுகைக் கார்டுகளும் சேர்ந்து ஒலிக்கும்போது ‘பி’ எப்போது அவற்றுக்குள் மூழ்குகிறது என்பதே கேள்வி. அப்படிக் கேட்டபோது, 3 விநாடியை ஒட்டி அது மூழ்கியது. இடதுகையை நன்றாகத் தணித்து, கார்டுகளின் மேல் சுரத்தை மட்டும் இன்னும் மெலிதாக்கினால் மூன்றரை விநாடிவரை அதைத் தொடர்ந்து கேட்க முடிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆகவே முதல் முடிவு, நீண்ட சுரத்தின் ஆயுளை எல்லையாக வைத்துக்கொண்டு வேகத்தைத் தீர்மானிப்பது. கிராட்செட்டுக்கு 60 என்றால் அந்தச் சுரம் 3 விநாடி. 52 என்றால் ஏறக்குறைய மூன்றரை விநாடி. இரண்டுக்கும் நடுவே 56ஐத் தேர்ந்தோம். 60இல் மாணவருக்கு இசை தம்மை விட்டு விலகிப்போவதாகத் தோன்றியது. 52இல் ஒரு கார்டு சற்றுக் கூடுதலாக அழுந்தினாலும் மெல்லிசை அறுந்துபோனது. 56 இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் கொடுத்தது. முழுமையும் ஏறத்தாழ 2 நிமிடத்துக்கு வரும்.

இரண்டாவது முடிவு, அதை 56 என்று எண்ணாமல் மினிமுக்கு 28 என்று எண்ணுவது. குறுக்குக்கோடு சரியாக அச்சான வேறொரு பதிப்பைக் கொடுத்தபின், பழைய நகலை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். மர மெட்ரோனோமில் 28 கிடையாது என்பதால் கைபேசிச் செயலியில் வைத்துக்கொண்டோம்: ஒரு பாருக்கு இரண்டே தட்டு. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் நான்கு கார்டுகள் தாமாகவே சமமாக நடந்தாகவேண்டும் என்பதால், அவர் ஒவ்வொரு கார்டையும் குத்துவதை விட்டு நான்கையும் ஒரே அசைவாக வாசிக்கத் தொடங்கினார். வேகம் கூடியதால் வந்த மாற்றத்தைவிட இந்த எண்ணிக்கை மாற்றத்தால் வந்த மாற்றம் பெரியது என்பது என் கணிப்பு. 56இலேயே நான்காக எண்ணி வாசிக்கச் சொல்லிப் பார்த்தபோது பழைய ஊசிக்குத்து மீண்டும் தலைகாட்டியது.

மூன்றாவது, ‘சி’யின் பலம். முன்னே உள்ள ‘பி’ எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறதோ அந்த அளவில் ‘சி’யைத் தொடவேண்டும், தாளில் எழுதியிருக்கும் அளவில் அல்ல. இதற்கு எண் எதுவும் சொல்ல முடியாது. “கேட்டுவிட்டுத் தொடுங்கள்” என்பதே அறிவுரையாக இருந்தது. இதை அவர் பிடித்துக்கொண்ட விதம்தான் பின்னால் ஆராதனை அன்று கைகொடுத்தது.

நான்காவது, நெகிழ்வு பற்றியது. ஷோப்பானின் மாணவர்கள் எழுதிவைத்த குறிப்புகளின்படி, இடதுகை இசைக்குழுவை நடத்துபவரைப்போல் காலத்தைக் காக்கவேண்டும், வலதுகை அதன்மேல் சற்று முன்பின்னாக நடக்கலாம் என்பது அவருடைய போதனை. கர்நாடக இசைக் கச்சேரியில் மிருதங்கம் பிடித்துக்கொடுக்கும் காலப்பிரமாணத்தின்மேல் பாடகர் ஒரு சொல்லைத் தள்ளி எடுப்பதைக் கேட்டுப் பழகியவருக்கு இது புதியதல்ல. ஆகவே 1 முதல் 12 வரை இடதுகை அசையாமல் நிற்கும். 12ஆம் பாரின் முடிவில் மட்டும் சற்றுத் தாமதிக்கலாம். ஸ்ட்ரெட்டோவில் 66வரை நெருக்கலாம். அதன்பின் இறங்கி, 23இல் நிற்கலாம். 40ஐ அடிப்படையாக வைத்திருந்தால் இந்த நெருக்கம் சாத்தியமே இல்லை என்பதையும் அவர் வாசித்தே உணர்ந்தார். 40இலிருந்து 46க்குப் போனால் யாருக்கும் தெரியாது, 60க்குத் தாவினால் வேறொரு இசை தொடங்கிவிட்டதாகத் தோன்றும்.

கடைசி மூன்று கார்டுகளைப் பற்றி எங்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. அவற்றை மிகவும் விரித்து வாசிக்க அவர் விரும்பினார். தொடக்க வேகத்திலேயே, மிகத் தாழ்ந்த ஒலியில் வாசித்தால் போதும் என்பது என் கருத்து. நிறுத்தமே போதுமான அளவு காலத்தை நீட்டிவிட்டது. என் கருத்தை ஏற்றுக்கொண்டார், முழுமனதோடு அல்ல.

ஆராதனை அன்று

அக்னி நட்சத்திர வெயில். கூடம் நிறைந்து, வாசல் வரையிலும் ஆட்கள் நின்றார்கள். எல்லா மின்விசிறிகளும் முழு வேகத்தில் ஓடின; அந்த வெப்பத்தில் அவற்றை நிறுத்தச் சொல்வதை யாரும் நினைத்துப்பார்க்கவும் முடியாது. ஒத்திகையின்போது இருந்த கூடமும் இதுவும் ஒலியைப் பொறுத்தவரை ஒன்றல்ல. கூட்டம் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். விசிறிகளின் இரைச்சல் தேய்ந்துவரும் சுரத்தின் வாலை முன்கூட்டியே மூடிவிடும்.

பின்வரிசையிலிருந்து கைபேசியில் பதிவுசெய்ததைப் பிறகு அளந்து பார்த்தோம். முதல் சில பார்கள் 54ஐ ஒட்டி இருந்தன. ஐந்தாம் பாருக்குள் அவர் 60க்கு வந்துவிட்டார். அங்கேயே உறுதியாக நின்றார். பதற்றத்தால் வேகம் ஏறியிருந்தால் அது ஏறிக்கொண்டே போயிருக்கும், இடதுகையும் சீர்குலைந்திருக்கும். இங்கே இரண்டும் நடக்கவில்லை. கேட்டபோது, “‘பி’ சீக்கிரம் காணாமப் போயிடுச்சு சார், அதனாலதான் முன்னாடியே போனேன்” என்றார். எண்ணை விட்டுவிட்டுக் காதைப் பின்பற்றியிருக்கிறார்.

ஸ்ட்ரெட்டோவில் மட்டும் ஒப்புக்கொண்ட அளவைத் தாண்டி 76 வரை போனது. அந்த உச்சத்தில் வலதுகையின் சுரங்கள் சில தெளிவில்லாமல் கலங்கின, பெடலும் ஒரு கணம் தாமதமாக மாறியது. இறங்கிவரும் பகுதி நன்றாக அமைந்தது.

23ஆம் பாரின் நிறுத்தத்தில் எதிர்பாராதது ஒன்று நடந்தது. இசை முடிந்துவிட்டது என்று நினைத்த மூப்பர் ஒருவர் சற்று உரக்கவே “ஆமென்” என்றார். சிலர் தொடர்ந்து சொன்னார்கள். போதகர் ஐயா ஒலிவாங்கியை நோக்கி எழுந்தார். மாணவர் கைகளை விசைகளிலிருந்து எடுக்காமல் காத்திருந்து, சலசலப்பு அடங்கியதும் மூன்று கார்டுகளையும் வாசித்தார். போதகர் பாதி வழியில் நின்றுகொண்டார். அந்த நிறுத்தம் திட்டமிட்டதைவிட வெகுவாக நீண்டது. அதையும் சேர்த்து மொத்தம் 2 நிமிடத்துக்குச் சற்றே குறைவு.

பிறகு வந்த கருத்துகள்

பாடகர் குழுவினர் பலருக்கும் பிடித்திருந்தது. ஆனால் மறைந்தவரின் மகள் நன்றி சொல்லிவிட்டு, “அம்மா கேக்கறது இதவிட மெதுவா இருக்கும்” என்று சேர்த்துக்கொண்டார். இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, அலட்சியப்படுத்தவும் கூடாது. அந்தக் கேசட்டில் வாசித்தவர் பெரிய கச்சேரி பியானோவில், ஒலிப்பதிவுக் கூடத்தின் அமைதியில், சுரத்தின் தேய்வைப் பற்றிய கவலை குறைவாக வாசித்திருக்கக்கூடும். அவருடைய நினைவில் பதிந்திருந்தது அந்த வேகம். நினைவு ஆராதனைக்கு வாசிக்கும்போது அந்த நினைவுக்கும் ஒரு உரிமை உண்டு.

பதிவை அனுப்பியபோது, சென்னையில் பியானோ கற்பிக்கும் நண்பர் ஒருவர் இன்னும் தெளிவாக மறுத்தார். நல்ல கிராண்டு பியானோவில் 44இலேயே இதைத் தாங்கிப் பிடிக்கலாம், 60 என்பது இந்த இசைக்கு அவசரம் என்பது அவர் வாதம். முதல் பாதியோடு எனக்கு உடன்பாடே. அப்படிப்பட்ட பியானோவில் நீண்ட ‘பி’ நான்கு விநாடிக்கு மேலும் கார்டுகளுக்கு மேலே மிதக்கும். இரண்டாம் பாதியை ஏற்க முடியவில்லை. கருவியையும் கூடத்தையும் விட்டுவிட்டு இசைக்கு மட்டும் உரிய வேகம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டால், நாங்கள் ஒத்திகையில் வாசித்த 56கூட ஆராதனை அன்று தவறாகியிருக்கும். அதே பியானோ, அதே விரல்கள், வேறு காற்று.

இனி மாற்றிச் செய்யவேண்டியவை

ஒத்திகையை எல்லா விசிறிகளையும் ஓடவிட்டுச் செய்யவேண்டும். வேலூர்க் கோடையில் நடக்கும் எந்த நிகழ்ச்சிக்கும் இது பொருந்தும். ஆட்களைக் கொண்டுவர முடியாது என்றாலும் இரைச்சலைக் கொண்டுவர முடியும். அப்படிச் செய்திருந்தால் 60 ஒத்திகையிலேயே வெளிப்பட்டிருக்கும், ஸ்ட்ரெட்டோவின் எல்லையையும் அதற்கேற்ப வைத்திருக்கலாம்.

வேகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, இடதுகையை மட்டும் இரண்டு எண்ணிக்கையில் பழக்கிவிடுவது நல்லது. 40இல் ஊறிப்போன கையை மீட்க ஆன காலத்தில் வேறு பலவற்றைச் செய்திருக்க முடியும். முதல் நாளே பதிப்பைப் பார்ப்பதும் இதோடு சேர்ந்தது. நகல் தாளில் ஒரு கோடு விடுபட்டிருந்தால் அதை நம்பிப் பயின்றவரைக் குறைசொல்வதில் பொருளில்லை.

நீண்ட நிறுத்தம் உள்ள இசையை வழிபாட்டில் வாசிப்பதாக இருந்தால், அது எங்கே வருகிறது, அதன்பின் என்ன இருக்கிறது என்பதைப் போதகரிடமும் நிகழ்ச்சியை நடத்துபவரிடமும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மாணவர் பதறாமல் காத்திருந்தார். எல்லா மாணவர்களும் அப்படிக் காத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கேட்பவர்களுக்குப் பழக்கமில்லாத இசையில் அந்த நிறுத்தத்தைச் சற்றுச் சுருக்குவதும் தகும் என்றே இப்போது நினைக்கிறேன். அவர் இன்னும் அதற்கு இசையவில்லை.

குடும்பத்தினர் கேட்டுப் பழகிய ஒலிப்பதிவு இருந்தால் அதை முதலிலேயே வாங்கிக் கேட்டுவிடுவதும் அவசியம். அதே வேகத்தில் வாசிக்க இயலாமல் போகலாம். ஆனால் அந்த வேகத்திலிருந்து எவ்வளவு விலகுகிறோம் என்பது தெரிந்திருந்தால், 56க்குப் பதில் 52ஐ எடுத்துக்கொண்டு, இடதுகையை இன்னும் தணித்து வாசிக்கும் பயிற்சிக்கு நேரத்தைச் செலவிட்டிருக்கலாம்.

மாணவர் இப்போது பி மைனர் பிரெலூடைத் தொடங்கியிருக்கிறார். அதற்கு லெண்ட்டோ அஸ்ஸாய், அதாவது மிக மெதுவாக, என்று குறிப்பு. மெல்லிசை இடதுகையில், தாழ்ந்த சுரங்களில் வருகிறது, கார்டுகள் வலதுகைக்கு மாறிவிட்டன. தடித்த கீழ்க்கம்பிகளின் ஒலி நெடுநேரம் நிற்கும் என்பதால் தேய்வை எல்லையாக வைக்கும் கணக்கு அங்கே அதிகம் உதவாது. கீழிருந்து ஏறிவரும் அந்த வாக்கியத்தை ஒரே மூச்சில் பாட முடிகிற வேகம் எது என்று குரலில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்; மெட்ரோனோமை இன்னும் எடுக்கவில்லை.